'கிரீவ்' என்ற ஆங்கிலச் சொல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மொழிபெயர்ப்பும் மெய்ப்பும் பார்ப்பவன் என்று தெரிந்ததும், ஆங்கிலச் சொல் ஒன்றைக் காட்டி "இதுக்கு இங்க என்ன அர்த்தம்?" என்று கேட்பவர்கள் அதிகம். 'கிரீவ்' பற்றி மட்டும் எனக்கு வந்த கேள்விகள் ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாதவை போலத் தெரியும். சர்ச் பிரசங்கத்தில் கேட்டது ஒன்று, காவல் நிலையக் காகிதத்தில் பார்த்தது ஒன்று, பையன் கம்ப்யூட்டர் முன்னால் கத்தியது ஒன்று. எல்லாம் ஒரே சொல்தான். கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டிருக்கிறேன்.

கிரீஃப், கிரீவ் ரெண்டும் ஒண்ணுதானே? எதை எங்க போடணும்?

'கிரீஃப்' பெயர்ச்சொல், துக்கம். 'கிரீவ்' வினைச்சொல், துக்கப்படு. பெயருக்கு 'ஃப்', வினைக்கு 'வ்' என்பது ஆங்கிலத்தில் பல சொற்களில் பார்க்கிற வழக்கம்தான்: பிலீஃப்–பிலீவ், ப்ரூஃப்–ப்ரூவ், ரிலீஃப்–ரிலீவ். இதில் 'ரிலீவ்' என்ற சொல்லை மட்டும் கொஞ்சம் மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டியிருக்கும்.

துக்கத்தில் இருக்கிறேன் என்று சொல்ல 'ஐ ஆம் கிரீஃபிங்' என்று எழுதாதீர்கள். 'கிரீவிங்' என்பதே சரி. 'கிரீஃபிங்' என்றும் ஒரு சொல் இருக்கிறது, ஆனால் அது துக்க வீட்டுச் சொல் இல்லை. அது கீழே தனிக் கேள்வியாக வருகிறது.

இது இங்கிலீஷ்லயே பொறந்த வார்த்தையா, வேற எங்கிருந்தாவது வந்ததா?

பிரெஞ்சிலிருந்து வந்தது. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு அரண்மனை, நீதிமன்றம், மேல்தட்டு வீடு என்று எல்லா இடத்திலும் பிரெஞ்சு புகுந்தது. அப்படி வந்த சொற்களில் 'கிரெவே' என்ற பழைய பிரெஞ்சு வினையும் ஒன்று. 13ஆம் நூற்றாண்டு ஆங்கில எழுத்துகளில் அதைப் பார்க்கலாம். அதற்கு முன்பும் ஆங்கிலேயர் அழாமல் இருந்ததில்லை. 'ஸாரோ', 'மோர்ன்' என்ற சொந்தச் சொற்களை வைத்துச் சமாளித்தார்கள், அவை இன்றும் புழங்குகின்றன.

பிரெஞ்சுச் சொல்லுக்கு மூலம் லத்தீன். 'கிராவிஸ்' என்றால் கனமான. 'கிராவாரே' என்றால் கனமாக்கு, பாரம் ஏற்று. கிராவிட்டி (ஈர்ப்பு விசை), அக்ரவேட் (மோசமாக்கு) எல்லாம் இதே வேர்தான். ஆக, 'கிரீவ்' என்ற சொல்லின் அடியில் கண்ணீர் கிடையாது, எடை இருக்கிறது. ஒருவர் மேல் பாரத்தைப் போடுவதுதான் அதன் முதல் வேலை.

அப்படீன்னா முதல்ல 'துக்கப்படு'ங்கற அர்த்தமே கிடையாதா?

'படு' கிடையாது, 'படுத்து' இருந்தது. ஒருவரை நோகடி, தொல்லை கொடு, சினமூட்டு, உடம்பில் வலி உண்டாக்கு என்றுதான் இது ஆங்கிலத்துக்குள் வந்தது. செய்பவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர்.

1611இல் வெளிவந்த கிங் ஜேம்ஸ் பைபிளில் இந்தப் பழைய பொருள் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. ஆதியாகமம் 49ஆம் அதிகாரத்தில் யாக்கோபு சாகும் முன் பிள்ளைகளை ஆசீர்வதிக்கிறார். யோசேப்பைப் பற்றிச் சொல்லும்போது வில்வீரர்கள் அவனைக் கடுமையாக 'கிரீவ்' செய்தார்கள், அவன்மேல் எய்தார்கள், பகைத்தார்கள் என்று வருகிறது. வில்லாளிகள் அவனை நினைத்து ஒப்பாரி வைத்தார்கள் என்று படித்தால் அந்த வசனமே குட்டிச்சுவராகிவிடும்.

பெயர்ச்சொல்லும் அப்படித்தான். ஷேக்ஸ்பியரின் நான்காம் ஹென்றி முதல் பாகத்தில் ஃபால்ஸ்டாஃப் என்ற தொந்திக்காரக் கிழவன், போருக்குப் போகப் பயந்துகொண்டு, மானத்தை வைத்து என்ன செய்வது என்று தனக்குத்தானே பேசுகிறான். மானம் ஒடிந்த காலை ஒட்டவைக்குமா, கையை ஒட்டவைக்குமா, வெட்டுக்காயத்தின் 'கிரீஃபை' எடுத்துவிடுமா என்று கேட்கிறான். அங்கே கிரீஃப் என்பது விண்விண் என்று தெறிக்கிற வலி, வேறொன்றும் இல்லை.

நோகடிக்கறது எப்படி நோகறதா மாறிச்சு? யார் மாத்தினாங்க?

யாரும் உட்கார்ந்து மாற்றவில்லை. வாக்கிய அமைப்பு வழியாகத் தானாக நகர்ந்தது. அந்தக் கால ஆங்கிலத்தில் 'இட் கிரீவ்ஸ் மீ' என்பார்கள். ஏதோ ஒன்று என்னை நோகடிக்கிறது என்று பொருள். நோகடிப்பது ஒரு ஆளாக இருக்க வேண்டியதில்லை, ஒரு செய்தியாக, நினைவாக இருந்தாலும் போதும். அதே ஆதியாகமத்தின் 6ஆம் அதிகாரத்தில், மனிதனைப் படைத்ததற்காகக் கர்த்தர் மனஸ்தாபப்படும் இடத்தில், அது அவரை இருதயத்தில் 'கிரீவ்' செய்தது என்ற அமைப்புதான் ஆங்கிலத்தில் இருக்கிறது.

தமிழனுக்கு இது புதிது இல்லை. 'எனக்கு வலிக்கிறது' என்றுதானே சொல்கிறோம், 'நான் வலிக்கிறேன்' என்றா சொல்கிறோம்? ஆங்கிலம் இந்த மாதிரி வாக்கியங்களை மெல்லக் கைவிட்டது. நோகிறவரையே எழுவாயாகத் தூக்கி முன்னால் வைத்தது. முதலில் 'ஐ ஆம் கிரீவ்ட்', நான் நோகடிக்கப்பட்டேன். கூடவே 'ஐ கிரீவ்', நான் துக்கப்படுகிறேன். 14ஆம் நூற்றாண்டிலேயே இந்தப் பொருள் தலைகாட்டுகிறது. பிறகு பல நூறு வருடம் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வாழ்ந்தன. மேலே சொன்ன வில்வீரர் வசனமும் 'துக்கப்படு'வும் ஒரே காலத்துச் சரக்குதான். கடைசியில் நோகடித்தவர் வாக்கியத்தை விட்டே போய்விட்டார், நொந்தவர் மட்டும் மிச்சம்.

பரிசுத்த ஆவியை 'கிரீவ்' பண்ணாதீங்கன்னு பாஸ்டர் இங்கிலீஷ்ல சொன்னாரு. செத்தவங்களுக்குத்தானே கிரீவ்?

எபேசியர் 4:30. தமிழில் "தேவனுடைய பரிசுத்த ஆவியைத் துக்கப்படுத்தாதிருங்கள்" என்று இருக்கும். தமிழ் மொழிபெயர்ப்பு சரியாக 'படுத்து' போட்டிருக்கிறது பாருங்கள். முந்தின இரண்டு பதில்களில் சொன்ன பழைய பொருள்தான் இது. இன்றைய பேச்சு ஆங்கிலத்தில் அரிதாகிவிட்டதால் காதுக்கு வித்தியாசமாகப் படுகிறது.

கிரேவ்னா கல்லறை. கல்லறைகிட்ட நின்னு அழறதுதான் கிரீவ் ஆச்சுன்னு எங்க டீச்சர் சொல்லியிருக்காங்க. சரியா?

நினைவில் நிற்க வசதியான கதை, ஆனால் உண்மை இல்லை. கல்லறை என்ற பொருளில் வரும் 'கிரேவ்' பழைய ஆங்கிலத்தின் சொந்தச் சொல். தோண்டுவது, செதுக்குவது என்ற வேரிலிருந்து வந்தது. 'எங்கிரேவ்' என்றால் செதுக்குதல் அல்லவா, அதற்கு உறவு.

ஆனால் இன்னொரு 'கிரேவ்' இருக்கிறது. நிலைமை 'கிரேவ்' என்று டாக்டர் சொல்வாரே, கவலைக்கிடம் என்று, அது லத்தீன் 'கிராவிஸ்' வழியாக வந்தது. அதுதான் கிரீவுக்குச் சொந்தக்காரர். டீச்சருக்குப் பாதி மார்க் கொடுக்கலாம்.

'குரு'வும் 'கிரீஃப்'பும் ஒரே வேர்னு ஒருத்தர் அடிச்சுச் சொல்றார். கப்ஸாதானே?

வாட்ஸப்பில் வருகிற சொல்லாராய்ச்சியில் முக்கால்வாசி கப்ஸாதான். இது மட்டும் நிஜம். சமஸ்கிருதமும் லத்தீனும் கிரேக்கமும் இந்தோ-ஐரோப்பியக் குடும்பத்து மொழிகள். கனம் என்ற பொருள் கொண்ட ஒரே வேர்ச்சொல் லத்தீனில் 'கிராவிஸ்' ஆனது, கிரேக்கத்தில் 'பருஸ்' ஆனது, சமஸ்கிருதத்தில் 'குரு' ஆனது. பாரோமீட்டர், கனமான ஆண்குரலான பாரிடோன், பேரியம் என்ற தனிமம், மூன்றும் கிரேக்கக் கிளையில் வந்தவை. ஆசிரியரை குரு என்பது கனமானவர், மதிப்பு மிகுந்தவர் என்ற பொருளில் ஏற்பட்டது. 'கு' என்றால் இருள், 'ரு' என்றால் நீக்குவது என்று மேடையில் சொல்லும் விளக்கம் அழகாக இருக்கும், ஆனால் சொல்லின் வரலாறு அது இல்லை.

இப்போது முதல் கேள்வியில் நினைவில் வைக்கச் சொன்ன 'ரிலீவ்' வருகிறது. அது லத்தீன் 'லெவிஸ்', அதாவது லேசான என்ற சொல்லிலிருந்து பிறந்தது. ரிலீவ் என்றால் பாரத்தைக் குறைப்பது. அந்த 'லெவிஸ்'க்கு சமஸ்கிருத உறவு 'லகு'. இலங்கைத் தமிழர் எளிது என்பதற்கு 'இலகு' என்பார்களே, அது. வடமொழி யாப்பில் நெடிலுக்கு குரு, குறிலுக்கு லகு என்று பெயர். கர்நாடக இசையின் தாள அங்கங்களிலும் இந்த இரண்டு பெயர்களும் உண்டு. அப்படியானால் ஆங்கிலத்தில் கிரீவும் ரிலீவும் இன்னொரு குரு–லகு ஜோடி. நாள் முழுக்க ஆங்கிலம் பேசுகிறவர்களில்கூட இந்த இரண்டையும் எதிர்ப்பதமாக யோசித்தவர்கள் குறைவு என்று நினைக்கிறேன்.

மோர்ன், கிரீவ் எதுல எது பெரிய துக்கம்?

அளவில் வித்தியாசம் இல்லை, இடத்தில்தான். இன்றைய வழக்கில் கிரீவ் உள்ளே நடப்பது, மோர்ன் பெரும்பாலும் வெளியே தெரிவது: கருப்பு உடை, அரைக்கம்பத்தில் கொடி, துக்கம் காக்கும் நாட்கள். 1861 டிசம்பரில் கணவர் ஆல்பர்ட் இறந்தது முதல் 1901இல் தான் சாகும் வரை விக்டோரியா மகாராணி கருப்பு உடுத்தினார். அவர் 'இன் மோர்னிங்' இருந்தார் என்று எழுதுவார்கள். 'இன் கிரீவிங்' என்று யாரும் எழுதுவதில்லை.

மோர்னும் ஆரம்பத்தில் அழுகைக்கு மட்டுமான சொல் இல்லை, கவலைப்படுவது என்ற பொருளும் அதற்கு உண்டு. 4ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலா என்ற பிஷப், ஆங்கிலத்துக்கு உறவான கோத்திக் என்ற பழைய மொழியில் செய்த பைபிளில், உங்கள் ஜீவனுக்காகக் கவலைப்படாதிருங்கள் என்ற மத்தேயு 6:25 வசனத்தில் மோர்னின் உறவுச்சொல்தான் வருகிறது.

கலெக்டர் ஆபீஸ்ல திங்கக்கிழமை 'கிரீவன்ஸ் டே'ங்கறாங்க. யாரும் சாகலையே, எதுக்கு கிரீவ்?

இதைக் கேட்டவர் பட்டா மாறுதலுக்கு மனு கொடுத்துவிட்டு வந்தவர். சாவு இல்லாவிட்டாலும் அவர் மேல் பாரம் இருந்தது, அதுதான் விஷயம். 'கிரீவன்ஸ்' என்ற சொல் மூன்றாவது பதிலில் சொன்ன பழைய பொருளை விடவே இல்லை. ஒருவர் இழைத்த தீங்கு, அதைப் பற்றிய முறையீடு இரண்டுக்கும் அதே பெயர். 1791இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க அரசியலமைப்பின் முதல் திருத்தம், கிரீவன்ஸைத் தீர்க்கச் சொல்லி அரசிடம் மனு கொடுக்க மக்களுக்கு உரிமை உண்டு என்கிறது. நம் 'மக்கள் குறைதீர்க்கும் நாள்' அந்தச் சொற்சேர்க்கையைத் தமிழில் சொன்ன மாதிரியே இருக்கிறது.

'அக்ரீவ்ட்' என்பதும் இந்த வகை. 2005ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் பாதிக்கப்பட்ட பெண்ணை 'அக்ரீவ்ட் பெர்சன்' என்கிறது. துக்கப்படுபவர் என்று மொழிபெயர்த்தால் வழக்கு கெட்டுவிடும். அவருக்குத் தீங்கு செய்த ஆள் ஒருவர் இருக்கிறார் என்பதுதான் அந்தச் சொல்லுக்குள் இருக்கும் குற்றச்சாட்டு.

ஆஸ்பத்திரி காயச் சான்றிதழ்ல 'கிரீவியஸ்'னு எழுதியிருக்கு. பல்லுதான் உடைஞ்சது. அவ்வளவு சோகமான காயமா?

சோகத்துக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அந்தச் சான்றிதழில் 'சிம்பிள்' அல்லது 'கிரீவியஸ்' என்று வருவது வழக்குப் பிரிவைத் தீர்மானிக்கும். 1860இல் இயற்றிய இந்திய தண்டனைச் சட்டத்தின் 320ஆம் பிரிவு எட்டு வகைக் காயங்களை 'கிரீவியஸ் ஹர்ட்' என்று வரையறுத்தது. தமிழில் கொடுங்காயம். பார்வை போவது, கேட்கும் திறன் போவது, முகம் நிரந்தரமாகச் சிதைவது போன்றவை அந்தப் பட்டியலில் இருக்கின்றன. ஏழாவது, எலும்போ பல்லோ உடைவது அல்லது பிசகுவது. அதனால் உடைந்த பல்லும் கொடுங்காயம்தான், சட்டத்தில் சந்தேகம் இல்லை.

எட்டாவது வகை உயிருக்கு ஆபத்தான காயம், அல்லது 20 நாள் கடும் வலியோடு வைத்திருக்கும் காயம், அல்லது அத்தனை நாள் அன்றாட வேலையைச் செய்யவிடாத காயம். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நியாய சன்ஹிதாவில் இது 116ஆம் பிரிவு, 20 நாள் என்பது 15 ஆகிவிட்டது. பழைய புத்தகத்தைப் பார்த்து மொழிபெயர்ப்பவர்கள் இங்கே தடுக்கி விழுகிறார்கள். இங்கிலாந்தில் 1861ஆம் ஆண்டுச் சட்டத்தில் வரும் 'கிரீவியஸ் பாடிலி ஹார்ம்' இதற்குச் சகோதரன். ஃபால்ஸ்டாஃப் பேசிய வெட்டுக்காயத்து 'கிரீஃப்' இன்று சட்டப் புத்தகத்தில்தான் உயிரோடு இருக்கிறது.

கனடாவுல இருக்கற தம்பி, 'யூனியன் என் சஸ்பென்ஷனை கிரீவ் பண்ணுது'ன்னு எழுதியிருக்கான். யூனியன் அழுதுட்டு உட்கார்ந்திருக்கா?

இல்லை, யூனியன் வேலை பார்க்கிறது. வட அமெரிக்கத் தொழிலாளர் வழக்கில் ஒரு நிர்வாக முடிவை 'கிரீவ்' செய்வது என்றால், ஒப்பந்தத்தில் சொன்ன முறைப்படி அதை எதிர்த்து முறையீடு பதிவு செய்வது. நிர்வாகம் இறங்கி வராவிட்டால் விவகாரம் நடுவர் முன் போகும். கனடாவில் முறையிட்டவருக்கு 'கிரீவர்' என்றே பெயர். கிரீவன்ஸிலிருந்து திரும்பப் பிறந்த வினை இது. தம்பிக்கு நல்ல செய்தி, கவலை வேண்டாம்.

என் பையன் மைன்கிராஃப்ட் ஆடிட்டு 'ஹீ கிரீஃப்ட் மீ'ன்னு கத்தறான். இலக்கணமே தப்பா இல்லையா?

தப்பில்லை. இணையத்தில் பலர் சேர்ந்து ஆடும் விளையாட்டுகளில், ஜெயிப்பதற்காக இல்லாமல் அடுத்தவரைக் கடுப்பேற்றவே ஆடுவது 'கிரீஃபிங்', அப்படி ஆடுபவர் 'கிரீஃபர்'. உங்கள் பையன் மணிக்கணக்காகக் கட்டிய வீட்டை எவனோ வந்து இடித்திருப்பான், அல்லது உள்ளே எரிமலைக் குழம்பை ஊற்றியிருப்பான். ஒருவருக்கு 'கிரீஃப் கொடுப்பது' என்றால் தொல்லை கொடுப்பது என்று பேச்சு ஆங்கிலத்தில் முன்பே உண்டு. அதிலிருந்து நேராக ஒரு வினை செய்துகொண்டார்கள். அதனால்தான் 'வ்' வராமல் 'ஃப்' அப்படியே நிற்கிறது.

இந்தச் சொல்லின் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான். வில்வீரர்கள் யோசேப்புக்குச் செய்ததைத்தான் அந்த ஊர் பேர் தெரியாத பயல் உங்கள் பையனுக்குச் செய்திருக்கிறான். நோகடித்தவர் வாக்கியத்துக்குள் திரும்பி வந்துவிட்டார். இலக்கணம் கெட்டுப்போச்சு என்று புலம்பும் பெரியவர்களைவிட, 13ஆம் நூற்றாண்டு ஆங்கிலத்துக்கு இந்தப் பிள்ளைகள் நெருக்கமாக இருக்கிறார்கள்.

'குட் கிரீஃப்'னா நல்ல துக்கமா?

'அட கடவுளே' என்பது மாதிரி. கடவுள் பெயரை வீணாகச் சொல்லக் கூடாது என்று 'குட் காட்' என்பதற்குப் பதிலாக எழுந்தது. பீனட்ஸ் படக்கதையில் சார்லி பிரவுன் இதைச் சொல்லிச் சொல்லியே பிரபலமாக்கினான். 'கம் டு கிரீஃப்' என்றால் ஒரு முயற்சி ஊத்திக்கொள்வது, அங்கேயும் யாரும் அழ வேண்டியதில்லை.

இப்ப எல்லாரும் 'ஃபைவ் ஸ்டேஜஸ் ஆஃப் கிரீஃப்'ங்கறாங்க. 'யூ மஸ்ட் கிரீவ் ப்ராப்பர்லி'ங்கறாங்க. துக்கத்துக்கு ப்ராப்பர் என்ன, இம்ப்ராப்பர் என்ன?

20ஆம் நூற்றாண்டில் இந்த வினை இன்னொரு முறை நகர்ந்தது: துக்கம் செய்து முடிக்க வேண்டிய ஒரு வேலையானது. 1917இல் ஃப்ராய்ட் துக்கத்தை மனம் செய்யும் ஒரு வேலையாக எழுதினார். 1942இல் பாஸ்டனில் கோகனட் குரோவ் என்ற இரவு விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். உறவை இழந்தவர்களோடு பேசிய மனநல மருத்துவர் எரிக் லிண்டமன் 1944இல் எழுதிய கட்டுரையில் 'கிரீஃப் வொர்க்' என்ற தொடரையே பயன்படுத்துகிறார்.

மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு என்ற ஐந்து கட்டங்களை 1969இல் சொன்னவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ். அவர் முதலில் சொன்னது சாவை எதிர்நோக்கிப் படுத்திருந்த நோயாளிகளைப் பற்றி. பிறகுதான் இழந்தவர்களுக்கும் அதைப் பொருத்தினார்கள். இறந்த வீட்டில் நிற்பவரிடம் போய் நீ எந்தக் கட்டத்தில் இருக்கிறாய் என்று கேட்பது எனக்குச் சுத்தமாகப் பிடிக்காத பழக்கம். ஒரு பக்கம் மருத்துவமும் கெடு குறிக்கிறது. 2022இல் வந்த அமெரிக்க மனநலக் கையேட்டில், பெரியவர்களுக்கு ஒரு வருடம் தாண்டியும் முடக்கிப்போடும் துக்கம் தனி நோயாகச் சேர்ந்திருக்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் பட்டியலில் அது ஆறு மாதம்.

ஸ்காட்லாந்துல 'கிரீவ்'னு குடும்பப் பேரே இருக்கே, என்ன பாவம் பண்ணாங்க?

ஒரு பாவமும் இல்லை. அது வேறு சொல். ஸ்காட்லாந்தில் பண்ணை மேற்பார்வையாளருக்கு 'கிரீவ்' என்று பெயர். ஷெரிஃப் என்ற சொல்லின் கடைசிப் பகுதிக்கு உறவு.

கதை ஒண்ணு மொழிபெயர்க்கறேன். 'ஷீ கிரீவ்ட் ஹெர் மதர்'னு ஒரு வரி. அம்மாவுக்காக அழுதாளா, அம்மாவை அழவெச்சாளா?

இரண்டும் சாத்தியம். பழைய பொருளில் அம்மாவை நோகடித்தாள். இப்போது பரவலாகிவிட்ட, 'ஃபார்' போடாமலே இறந்தவரை நேரடியாகச் செயப்படுபொருளாக்கும் வழக்கில், அம்மாவின் சாவுக்குத் துக்கப்பட்டாள். முதலில் பார்க்க வேண்டியது அந்த அத்தியாயத்தில் அம்மா உயிரோடு இருக்கிறாளா என்று. இல்லை என்றால் பிரச்சினை முடிந்தது.

இருக்கிறாள் என்றால் கதை எழுதிய காலத்தைப் பாருங்கள். 19ஆம் நூற்றாண்டு நாவலில் பெரும்பாலும் நோகடித்தாள்தான். கூடவே எதனால், எப்படி என்று அடுத்த வாக்கியத்தில் வரும். இன்றைய கதையாக இருந்து, அம்மா உயிரோடு இருந்தும் 'கிரீவ்ட்' வந்தால், பழைய நினைவு எல்லாம் போய் மகளையே அடையாளம் தெரியாமல் அம்மா படுத்திருக்கிறாளா என்று முன்பக்கங்களைப் புரட்டுங்கள். இருக்கிற ஆளையே இழந்ததாக எண்ணி அழுவதற்கும் இப்போது இதே வினையைப் போடுகிறார்கள். அந்த இடத்தில் 'நோகடித்தாள்' என்று போட்டுவிட்டால் ஒரு பாவமும் அறியாத மகள் வில்லியாகிவிடுவாள்.